கட்டைவிரல் அளவில் ஒரு கம்ப்யூட்டர்

என் பார்வை ஓரங்களிலிருந்துதான் போக ஆரம்பித்தது.

அப்போது திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலுக்குப் பதில் எழுதுவேன். நூல் எப்போது வரும், சாயம் எப்போது முடியும், தையலுக்கு எப்போது ஏறும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருப்பேன். சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பும்வரை மனசு ஒரு நிலையில் இருக்காது. அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிறம் பார்ப்பது. சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் என்று சின்னச் சின்னத் துணித்துண்டுகள் வரும். அவற்றை வெளிச்சப் பெட்டிக்குள் வைத்து, பையர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரே பச்சையில் ஒன்று கொஞ்சம் மஞ்சளுக்குச் சாய்ந்திருக்கும், இன்னொன்று கொஞ்சம் நீலத்துக்குச் சாய்ந்திருக்கும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள் மாதிரி.

கம்பெனியில் துணி ரோல் தள்ளிப் போகும் வண்டிகள் உயரம் கம்மி. அவற்றில் தடுக்கி விழ ஆரம்பித்தேன். "பாத்துப் போங்கக்கா" என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் சலித்துவிட்டது. பார்த்துத்தான் போனேன். நேரே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலும் காலடியிலும் இருப்பதுதான் இல்லாமல் போயிருந்தது. கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழித்திரையில் கோளாறு, பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்றார் டாக்டர். சுற்றிலும் இருட்டு நெருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவில் இருந்த வெளிச்ச வட்டமும் போனது. இப்போது எனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது.

வேலையை விட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெக்கானிக். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று அடுப்படிக்குள் போய், டப்பா ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்து, "இது உப்பு, இது சீனி, இது உளுந்து. இனிமே எவனும் இடம் மாத்த மாட்டான்" என்றார். அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு எவனும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போன் பேசும். தொட்டால் தொட்ட இடத்தைப் படிக்கும். அதை வைத்து உறவுக்காரர்களோடு பேசினேன், செய்தி கேட்டேன். ஆனால் என் பழைய வேலை போனில் அடங்குகிற வேலை இல்லை. அட்டவணைகள், ஒவ்வொரு மெயிலோடும் நாலைந்து இணைப்புகள், குறுக்கும் நெடுக்கும் கட்டங்கள். அதற்கு லேப்டாப் வேண்டும். வீட்டில் இருந்த லேப்டாப்போ என் கண்ணோடு போட்டி போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஏதோ சரிபார்ப்பதாகச் சொல்லி, அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரிப்பேர் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்றாராம். என் வீட்டுக்காரர் அதைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டார்.

கண் ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகக் காத்திருந்த ஒரு நாளில்தான் உடுமலைப்பேட்டைப் பெண்ணைச் சந்தித்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. தென்னை நார் மில் ஒன்றில் அலுவலக வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்லயா?" என்றேன்.

"ஆமாங்க்கா. ஆனா அங்க மூணு பேருக்கு ஒரே கம்ப்யூட்டருங்க. என்னுத நான் கையில கொண்டுட்டுப் போயிருவேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் என் கையைப் பிடித்து, தன் கழுத்தில் அடையாள அட்டைக் கயிற்றில் தொங்கிய ஒன்றைத் தொட வைத்தாள். சின்னதாக, ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் பிளாஸ்டிக். பென் டிரைவ்.

"இதுலதானுங்க என் கம்ப்யூட்டர் இருக்குது" என்றாள்.

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பீரோ மேல் கிடக்கும் எங்கள் லேப்டாப்பைப் பற்றிச் சொன்னதும், "தூக்கிப் போட்டுறாதீங்க. நான் ஒரு நாள் உங்க ஊட்டுக்கு வர்றேன்" என்றாள்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு போய் அழைத்து வந்தார். காப்பி குடித்து முடித்ததும் லேப்டாப்பை இறக்கித் துடைத்து மேசை மேல் வைத்தார். அவள் அதன் விளிம்பெல்லாம் விரலால் தடவி, இடது பக்கத்தில் ஒரு ஓட்டையில் பென் டிரைவைச் செருகினாள்.

"அண்ணா, இனி உங்க கண்ணு வேணுங்க. ஆரம்பத்துல இது பேசாது. பேசுறதுக்கு முன்னாடி ஒரு வாசல் இருக்குது, அந்த வாசல்ல மட்டும் யாராச்சும் படிச்சுச் சொன்னாப் போதும்."

பட்டனை அழுத்தியவுடனே கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சாதாரணமாக லேப்டாப் எழுந்ததும் தனக்குள் இருக்கும் டிஸ்க்கைத்தான் தேடிப் போகுமாம். அந்தச் சாவியைத் தட்டினால், எதிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று நம்மையே கேட்குமாம்.

"என்னமோ பட்டியல் வந்திருக்கும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"யூஎஸ்பின்னு போட்டிருக்குதுங்களா?"

"மூணாவதா இருக்கு."

அவள் அம்புக்குறிச் சாவியை இறக்கி, எண்டரைத் தட்டிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "உள்ள இருக்கிறதை நாம எழுப்பவே இல்லீங்க. அது பாட்டுக்குத் தூங்கட்டும். இப்ப எந்திரிக்கிறது இதுல இருக்கிறது."

காத்திருந்தோம். லேப்டாப்பின் விசிறி மட்டும் சுற்றுவது கேட்டது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டொம் என்று மத்தளத்தை ஒரு விரலால் தட்டினாற்போல ஒரு சத்தம். உடனே ஒரு குரல், தகரத்தில் செய்த குரல், தமிழில் பேசியது. ஒரு எழுத்தை நசுக்கி, ஒரு எழுத்தை இழுத்து, யாரும் பேசாத ஒரு தமிழ். ஆனால் தமிழ்.

கையை நீட்டி லேப்டாப்பின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். அதே லேப்டாப்தான். மூலையில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. கடைக்காரர் செத்துப்போனதாகச் சொன்ன பெட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. அதுவும் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கியதன் பலத்தில். அவளுடைய மெயில், அவளுடைய பாட்டு, அவளுக்குப் பழகிய வேகம் எல்லாம் அதில் இருந்தன. குரலை அவள் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. மழை ஓட்டில் விழுகிற மாதிரி இருந்தது. எனக்காகக் குறைத்தாள்.

"உங்க டிஸ்க்கு உசுரோட இருக்குதான்னு பாக்கட்டுங்களா?"

"போயிருச்சுன்னு சொன்னாங்களே."

"டிஸ்க்கு போகலைன்னாலும் அதுல இருக்கிற சிஸ்டம் கெட்டிருந்தா இப்படித்தானுங்க சுத்திட்டே இருக்கும். வெளியில நின்னு உள்ள எட்டிப் பாக்கலாம்."

சாவிகள் படபடவென்று கேட்டன. குரல் ஏதேதோ பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது. திடீரென்று என் பெயரைச் சொன்னது. நான் வைத்த ஃபோல்டர். அவள் அதற்குள் போனாள். அங்கே நான் மறந்தே போயிருந்த ஒன்று இருந்தது. கம்பெனியில் இருந்தபோது ஒப்புதலான லேப் டிப் ஒவ்வொன்றையும் வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்து, படத்துக்கு நிறத்தின் பெயரையே வைத்திருந்தேன். குரல் அவற்றை வரிசையாகப் படிக்க ஆரம்பித்தது.

மஸ்டர்ட். ஆலிவ். டஸ்டி ரோஸ். டீப் டீல். ஓல்ட் கோல்ட்.

ஒவ்வொரு பெயரையும் கடித்துத்தான் துப்பியது. ஆனால் அது சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நிறமும் எனக்குள்ளே வந்து நின்றது. மங்கலாக இல்லை. வெளிச்சப் பெட்டிக்குள் வைத்த மாதிரி, ஓரம் வெட்டுப்பட்ட துணித்துண்டோடு, நூல் பிசிறோடு. டஸ்டி ரோஸில் நாங்கள் எத்தனை தடவை சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினோம் என்பதுகூட ஞாபகம் வந்தது. வெளியே எனக்கு நிறமே இல்லாமல் போய் வெகு காலமாகியிருந்தது. அவ்வளவு நிறமும் எங்கேயும் போகாமல் இருந்திருக்கிறது, பீரோ மேல் துணியில் சுற்றி.

"இன்னொரு தடவை" என்றேன். அவள் பட்டியலின் மேலே போய் மறுபடி முதலிலிருந்து படிக்க வைத்தாள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏ பிள்ள, இதெல்லாம் நீ பாத்த கலரா?" என்றார். ஆமாம் என்றேன். "கலர்ல இத்தனை இருக்கா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால், அவர் வாங்கி வந்த புது பென் டிரைவில் எனக்கென்று ஒன்று தயார் செய்து கொடுத்தாள். வெறுமனே கோப்பை நகலெடுத்தால் லேப்டாப் அதிலிருந்து எழாதாம். எழுப்புகிற மாதிரி எழுத வேண்டுமாம். அதிலேயே ஒரு பங்கை ஒதுக்கி, நான் செய்யும் மாற்றங்கள் அங்கேயே தங்கும்படி செய்தாள். தன்னுடையதைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மேசை மேல் இருந்த லேப்டாப் அந்த நொடியில் வெறும் பெட்டியானது. என்னுடையதைச் செருகி எழுப்பினோம். அதே குரல், ஆனால் இந்தத் தடவை நிதானமான வேகத்தில், என்னிடம் பேசியது.

பழகுவதற்கு நாளாயிற்று. திரையில்லாமல் கட்டங்களுக்குள் நடப்பது, இருட்டில் தெரியாத வீட்டில் நடப்பது மாதிரி. இடித்து இடித்துத்தான் சுவர் எங்கே என்று தெரியும். ஆனால் ஒரு நாள், பழைய ஆர்டர் அட்டவணை ஒன்றைத் திறந்து, எந்தத் தேதி எதனால் தள்ளிப்போனது என்று முழுதாகப் பிடித்துவிட்டேன். அன்றைக்கே பழைய கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தேன்.

அவர் காங்கேயத்துப் பக்கம் தோட்டமும் மாடுமாக இருந்த குடும்பத்திலிருந்து வந்து கம்பெனி வைத்தவர். "வாங்க அம்மிணி, நேர்ல பேசலாம்" என்றார்.

போனேன். என் வீட்டுக்காரர் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றுகொண்டார். மெஷின் எண்ணெயும் ஸ்டீம் அயர்ன் ஆவியும் கலந்த அந்த வாசனை மட்டும் மாறவே இல்லை. முதலாளி அறையில் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பொறியாளரும் இருந்தார். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர். நாற்பது வயதுக் குரல்.

"என்ன பண்ண முடியும்னு காட்டுங்க அம்மிணி" என்றார் முதலாளி.

மேசை மேல் இருந்த லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினேன். பொறியாளரே சாவியைத் தட்டினார். காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் காத்திருந்தோம். பார்வையுள்ளவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த மௌனத்தில் எதுவும் இல்லை. வீட்டில் ஒவ்வொரு நாளும் பேசியது, இங்கே வந்து கைவிட்டுவிட்டதே என்று நினைத்தேன்.

"பாஸ்வேர்ட் கேக்குதுங்க" என்றார் பொறியாளர். பிறகு தயங்கி, "நான்தான் பூட்டி வச்சிருக்கேன்" என்றார்.

"அதை ஏனுங்க பூட்டி வச்சீங்க?" என்றார் முதலாளி.

"இப்படி வெளியிலிருந்து எழுப்பினா, டிஸ்க்குல இருக்கிற கம்பெனி ஃபைல் பூராத்தையும் திறந்து பாத்துடலாங்க. பையர் டிசைன் எல்லாம் இருக்குது. எல்லா லேப்டாப்புலயும் இதைப் பூட்டித்தான் வச்சிருக்கேன்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் வீட்டு மேசையில் என் ஃபோல்டர் அப்படித் திறந்ததை நானே காதால் கேட்டவள் ஆயிற்றே. எழுந்துவிடலாம் என்று பையைத் தேடினேன். அப்போது அவர், "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று வெளியே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, என் முன்னால் கனமான ஒரு லேப்டாப்பை வைத்தார்.

"இது கழிச்சுப்போட்டதுங்க. இதோட டிஸ்க்கைக் கழட்டி வேற ஒண்ணுக்குப் போட்டாச்சு. உள்ள ஒண்ணுமே இல்லை. எடுக்கிறதுக்கும் ஒண்ணும் இல்லை, கெடுக்கிறதுக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா இது எந்திரிக்குமான்னு எனக்கே தெரியலைங்க. நான் முயற்சி பண்ணினது இல்லை."

கவிழ்த்து என் விரலைப் பிடித்து அடிப்பக்கத்தில் வைத்தார். டிஸ்க் இருந்த இடத்தின் மூடியைக்கூட யாரும் திரும்பப் போடவில்லை. வெறும் பள்ளம். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு காலியிடம்.

எனக்கும் நம்பிக்கையில்லை. எங்கள் வீட்டு லேப்டாப்பில் சிஸ்டம் கெட்டிருந்தாலும் டிஸ்க் என்று ஒன்று இருந்தது. இதில் அதுவும் இல்லை. இருந்தாலும் செருகினேன். மின் கம்பியை மாட்டினார், சாவியைத் தட்டினார். பட்டியலில் ஒரே ஒரு வரிதான் வந்திருப்பதாகச் சொன்னார். எண்டர் தட்டினேன்.

விசிறி சுற்றியது. கீழே தையல் வரிசையின் இரைச்சல் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

டொம்.

குரல் வந்தது. நிதானமாக, என் வேகத்தில், முதலாளி அறையின் நடுவில் தமிழில் பேசியது. முதலாளி நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். "இதுக்குள்ளதான் ஒண்ணும் இல்லீன்னீங்களே?" என்று பொறியாளரிடம் கேட்டார். பொறியாளர் லேப்டாப்பை ஓரமாகத் தூக்கி, அடியில் பள்ளத்தைக் குனிந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. லேப்டாப்பின் குரல் நிற்காமல் அப்படியே சாய்ந்தபடி ஒலித்தது.

"இல்லீங்க" என்றார் கடைசியில். "காலியாத்தானுங்க இருக்குது." எத்தனையோ கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டியவர். இதெல்லாம் முடியும் என்று படித்தவர். "படிச்சிருக்கேங்க. கண்ணு முன்னாடி பாக்கிறது வேற."

நான் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு ஞாபகமும் இல்லாத ஒரு இயந்திரம் என் மெயில் முகவரியைச் சொன்னது. என் அட்டவணையைத் திறந்தது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அது பழகவில்லை.

முதலாளி அன்றைக்கு வந்திருந்த ஒரு பையர் மெயிலை எனக்கு அனுப்பச் சொன்னார். பொறியாளர் வைஃபை போட்டுக் கொடுத்ததும் அதைக் கேட்டேன். இணைப்பைத் திறந்தேன். பையர் கேட்டிருக்கும் தேதிக்கும் நம் அட்டவணைக்கும் சாயத்தில் இடிக்கிறது என்று சொல்லி, பதிலை அங்கேயே எழுதினேன். எழுத்தெழுத்தாகக் குரல் கூடவே சொல்லிவந்தது. முதலாளி முழுதையும் படித்துவிட்டு, "நெறம் பாக்கிறதுக்கு வேற ஆள் வச்சுக்கலாம். வெரட்டுறதுக்கு உங்களாட்ட ஆள் இல்லீங்க அம்மிணி. திங்கக்கிழமை வந்துருங்க" என்றார்.

வாசலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குப் பதில் அப்படியே நின்றார். "வா, டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "எம் பொண்டாட்டிக்கு வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னதைக் கேட்டேன். அவர் அப்படி வலியப் போய்ப் பேசுகிற ஆளே இல்லை.

இப்போதும் அந்த டிஸ்க் இல்லாத லேப்டாப்தான் என் மேசையில் இருக்கிறது. பொறியாளர் பள்ளத்துக்கு ஒரு மூடி தேடிப் போட்டுவிட்டார். கம்பெனி வைஃபையில் எனக்கென்று ஒரு வழி மட்டும் திறந்து வைத்திருக்கிறார். காலையில் பட்டியலில் ஒரே வரிதான் என்பதால் படித்துச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. குரல் வருவதற்கு முன்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பேக்கிங் பிரிவிலிருந்து பீகார்க்காரர் ஒருவர் வந்தார். அட்டைப்பெட்டி எண்ணிக்கை சொல்ல வந்தவர், குரலைக் கேட்டு நின்றுவிட்டார். அவருக்குத் தமிழ் பாதி, எனக்கு இந்தி கால். "அக்கா, இதுக்கு இந்தி தெரியுமா?" என்றார்.

அதே பென் டிரைவில்தான் இந்தியும் இருந்தது. இன்னும் எத்தனை மொழி இருக்கிறதென்று நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. மாற்றிக் கொடுத்து, எதையாவது தட்டச்சு செய்யச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். தன் கிராமத்தின் பெயர் என்றார். எண்டர் தட்டியதும் தகரக் குரல் அதைச் சொன்னது. தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டு, ஒரு எழுத்தை மாற்றி மறுபடி தட்டினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் சட்டையிலிருந்து புதுத் துணியின் வாசனை வந்தது.

"ஏக் பார் அவுர்" என்றார் மெதுவாக.

நான் சாவியைத் தட்டினேன். குரல் இன்னொரு முறை அந்த ஊரைச் சொன்னது.